தலை எண்ணும் சபை, பணம் எண்ணும் சபை: மாசசூசெட்ஸ் 1785

1786 ஆகஸ்ட் 22ஆம் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கே ஹாட்ஃபீல்ட் என்ற ஊரில் 50 ஊர்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். சில நாள் பேசிவிட்டுத் தங்கள் குறைகளை வரிசை போட்டு எழுதினார்கள். மொத்தம் 17 குறைகள். வரி வசூலிக்கும் விதம், வக்கீல்களின் அட்டகாசம், கீழ்க்கோர்ட்டுகள், கோர்ட்டுக் கட்டணம், கையில் புழங்கப் பணமே இல்லாத நிலை எல்லாம் பட்டியலில் உண்டு. கடன்பட்ட விவசாயி வேறு எதைப் பற்றிப் பேசுவான் என்று நமக்குத் தோன்றும். ஆனால் முதல் குறை இவற்றில் எதுவும் இல்லை. முதல் குறை, செனட் என்று ஒரு சபை இருப்பது.

செனட் சரியாக நடக்கவில்லை என்றோ, செனட்டர்கள் ஊழல் செய்கிறார்கள் என்றோ அவர்கள் எழுதவில்லை. அது இருப்பதே குறை என்றார்கள். இரண்டாவது குறை, அப்போதிருந்த பிரதிநிதித்துவ முறை. வரியும் கடனும் வட்டியும் அதற்கெல்லாம் பிறகுதான் வருகின்றன.

வழக்கமான வரலாறு இந்த வரிசையைச் சொல்வதில்லை. அங்கே ‘ஷேய்ஸ் கலகம்’ என்ற பெயரில் ஒரு கதை இருக்கிறது. சுதந்திரப் போர் முடிந்தது, விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள், பொறுமை இழந்து கோர்ட்டுகளை மறித்தார்கள், படை வந்தது, ஓடினார்கள். இதைப் பார்த்து மிரண்ட தேசத் தலைவர்கள் பிலடெல்பியாவில் கூடி வலுவான அரசியல் சட்டம் எழுதினார்கள். வயிறு கத்தியது, மூளை பதில் சொன்னது என்பதுதான் இந்தக் கதையாடலின் அமைப்பு. கலகம் செய்பவனுக்குப் பசி இருக்கலாம், கோபம் இருக்கலாம், அரசியல் இருக்க முடியாது என்ற முன்முடிவு இதற்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கலகத்தைப் பற்றிய முதல் வரலாற்று நூலை 1788இல் எழுதியவர் ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ் மைனாட். அவர் அந்த மாநிலப் பிரதிநிதிகள் சபையின் எழுத்தர். கலகத்தின் கதையை முதலில் எழுதும் வாய்ப்பு யார் கைக்குப் போகிறது என்பதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பெயரையே எடுத்துக்கொள்வோம். அவர்கள் தங்களை ‘ஒழுங்குபடுத்துவோர்’ என்று அழைத்துக்கொண்டார்கள். டேனியல் ஷேய்ஸ் பல தலைவர்களில் ஒருவர், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான பேரின் காரியத்தை ஒரு தனிமனிதனின் பெயரில் கட்டிவைத்தால் அது அவனுடைய பைத்தியக்காரத்தனமாகச் சுருங்கிவிடும். அரசுகளுக்கு இது கைவந்த கலை.

செனட்டை முதல் குறையாக எழுதியவர்களுக்குத் தங்கள் அரசியல் சட்டம் நன்றாகவே தெரிந்திருந்தது என்பது என் வாதம். அந்தச் சட்டம் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைச் செய்ததை அவர்கள் 15 மாதத்துக்கு முன்னால் பார்த்திருந்தார்கள். 1785 மே மாதம் அந்த மாநிலத்துக்கு ஒரு கவர்னர் வந்தார். அவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. செனட் தேர்ந்தெடுத்தது.

*

கவர்னர் என்றதும் நமக்கு டெல்லியிலிருந்து அனுப்பப்பட்டு ராஜ்பவனில் உட்கார்ந்திருப்பவர்தான் ஞாபகத்துக்கு வருவார். அமெரிக்க கவர்னர் அப்படியல்ல. மாநில நிர்வாகத்தின் தலைவர் அவர். அதிகாரம் என்று பார்த்தால் நம்முடைய முதலமைச்சர் இடத்தில் இருப்பவர். 1776க்கு முன் இந்தப் பதவிக்குப் பெரும்பாலும் பிரிட்டிஷ் அரசர் ஆள் அனுப்பினார். எனவே சுதந்திரம் கிடைத்ததும் அங்கிருந்தவர்களுக்கு இந்த நாற்காலியின் மேலேயே ஒரு பயம் இருந்தது. பென்சில்வேனியா 1790 வரை கவர்னரே வேண்டாம் என்று ஒரு கவுன்சிலை வைத்துக்கொண்டது. வர்ஜீனியா, மேரிலாந்து, நியூ ஜெர்சி, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் கவர்னரைச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கட்டும் என்று வைத்தன. வர்ஜீனியா கவர்னருக்கு ஒரு வருஷப் பதவி, தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் கிடையாது, மசோதாவை நிராகரிக்கும் அதிகாரமும் கிடையாது. தாமஸ் ஜெபர்சன் 1779இல் அப்படித்தான் கவர்னர் ஆனார். முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை வரவில்லை. இரண்டாவது சுற்றில் ஜான் பேஜ் என்ற தன் இளமைக்கால நண்பரை ஆறு வாக்கில் தோற்கடித்தார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஜனநாயகம்தான். நிர்வாகத்தை மக்கள் சபையின் கையில் கொடுப்பது. ஆனால் சபை யாருடையது? தெற்கே அது அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிகளின் சபை. வர்ஜீனியாவில் இந்த முறை 1851 வரை நடந்தது. தென் கரோலினாவிலோ உள்நாட்டுப் போரில் தோற்ற பிறகுதான், 1865இல், கவர்னரை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க வழி பிறந்தது. அரசரின் ஆளுக்குப் பயந்து ஏற்பட்ட ஏற்பாடு, சீக்கிரமே சொந்த ஊர் ஜனங்களுக்குப் பயந்து காப்பாற்றப்பட்ட ஏற்பாடாகிவிட்டது.

மாசசூசெட்ஸ் இப்படி இல்லை. அங்கே கவர்னரை வருஷா வருஷம் ஏப்ரல் மாத முதல் திங்கட்கிழமை ஊர்க்கூட்டங்களில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். இதைப் பெருமையாகச் சொல்லுவார்கள். பெருமைக்குரிய விஷயமும்தான். ஆனால் 1780 அரசியல் சட்டத்தில் ஒரு ‘ஒருவேளை’ இருந்தது. ஒருவேளை யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு விழாவிட்டால்? அதிக வாக்கு வாங்கிய நான்கு பேரில் இரண்டு பேரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுத்து அனுப்பும். அந்த இரண்டு பேரில் ஒருவரைச் செனட் கவர்னராக்கும். கடைசி வார்த்தை செனட்டினுடையது.

அந்தச் செனட் என்ன சரக்கு என்று பார்த்தால்தான் ஹாட்ஃபீல்ட் பட்டியல் புரியும்.

*

1778இல் மாசசூசெட்ஸ் தனக்கு ஒரு அரசியல் சட்ட வரைவு தயாரித்தது. ஊர்க்கூட்டங்கள் அதை நிராகரித்துவிட்டன. பல ஊர்களுக்குப் பல காரணம். கடற்கரைப் பகுதியான எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் பெரிய மனிதர்கள் தங்கள் காரணத்தை ஒரு நீண்ட பிரசுரமாகவே வெளியிட்டார்கள். அதை எழுதியவர் தியோஃபிலஸ் பார்சன்ஸ் என்ற இளம் வக்கீல். ஆட்களுக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும், சொத்துக்கும் தனியாகப் பிரதிநிதித்துவம் வேண்டும், இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் சட்டம் என்பது அதன் சாரம். பூசி மெழுகுவதே கிடையாது. அந்தக் காலத்துச் சொத்துடைமை வர்க்கத்திடம் எனக்குப் பிடித்த விஷயம் இது. பின்னால் வந்தவர்கள் ‘நிதானம்’, ‘ஸ்திரத்தன்மை’ என்று சுற்றி வளைத்துச் சொன்னதை இவர்கள் நேராகவே சொன்னார்கள்.

1780 சட்டத்தில் இந்த யோசனை அப்படியே இறங்கியது. செனட்டின் 40 இடங்கள் மாவட்டங்களுக்குப் பிரிக்கப்பட்டன. மக்கள்தொகைப்படி அல்ல, ஒவ்வொரு மாவட்டமும் கட்டும் வரியின் விகிதப்படி. பாஸ்டன் அடங்கிய ஸஃபக் மாவட்டத்துக்கு 6, எஸ்ஸெக்ஸுக்கு 6, மேற்கே ஹாம்ப்ஷயருக்கு 4, பெர்க்ஷயருக்கு 2. 1790 மக்கள்தொகைக் கணக்கில் ஹாம்ப்ஷயரில் சுமார் 60,000 பேர், ஸஃபக்கில் சுமார் 45,000 பேர். ஆள் அதிகம் இருந்த இடத்தில் செனட்டர் குறைவு. வரி அதிகம் கட்டுகிறவன் குரல் பெரிதாகக் கேட்கட்டும் என்பது இதன் நியாயம். அந்த வரியால் யார் அதிகம் நசுங்குகிறார்கள் என்பது வேறு கேள்வி. அது இந்தக் கணக்கில் வராது.

இதோடு சொத்துத் தகுதிகள். வாக்களிக்க 60 பவுண்டு சொத்து அல்லது வருஷத்துக்கு 3 பவுண்டு நில வருமானம். பிரதிநிதியாக 100 பவுண்டு நிலம். செனட்டராக 300 பவுண்டு நிலம். கவர்னராக 1,000 பவுண்டு நிலம். கிறிஸ்தவராகவும் இருக்க வேண்டும். பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சட்டத்தை எழுதிய மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கவும், பிறகு அதை அங்கீகரிக்கவும், சொத்து இல்லாத ஆண்களுக்கும் உரிமை தரப்பட்டிருந்தது. கதவைப் பூட்டுவதற்கு அவர்கள் கையும் தேவைப்பட்டது. பூட்டிய பிறகு அவர்கள் வெளியே.

பிரதிநிதிகள் சபையாவது மக்கள் பக்கமா என்றால், அங்கேயும் சிக்கல். ஊருக்கு ஒருவர் வரலாம். பெரிய ஊர் என்றால் கூடுதல் ஆள் அனுப்பலாம். ஆனால் பிரதிநிதியின் படியை அவரை அனுப்பும் ஊரே கட்ட வேண்டும். சபை கூடுவது பாஸ்டனில். பெர்க்ஷயர் மலையில் கிடக்கும் ஏழை ஊர், குதிரையில் பல நாள் பயணம் போகிற ஆளுக்கு மாசக்கணக்கில் படி கட்டுமா? பல ஊர்கள் ஆளே அனுப்பவில்லை. சபை பாஸ்டனில் கூடுவதும் ஹாட்ஃபீல்ட் குறைகளில் ஒன்று. அதைப் படிக்கிறவர்களுக்கு ஏதோ பட்டிக்காட்டுப் புகார் மாதிரி தோன்றும். தூரமும் ஒரு சொத்துத் தகுதிதான் என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

*

1780 முதல் கவர்னராக இருந்தவர் ஜான் ஹேன்காக். பெரிய பணக்காரர், ஆடம்பரப் பிரியர், ஜனங்களிடம் செல்வாக்கு உள்ளவர். வரி பாக்கியை அவர் நெருக்கி வசூலிக்கவில்லை. 1785 ஜனவரியில் உடம்பு சரியில்லை, கீல்வாதம் என்று ராஜினாமா செய்தார். நோய் இருந்தது உண்மை. புயல் வரப்போகிறது என்று தெரிந்து ஒதுங்கிவிட்டார் என்றும் அப்போதே பேசினார்கள். அந்தக் கால் வலியில் எவ்வளவு அரசியல் வலி என்று யார் பிரித்துச் சொல்வது?

துணை கவர்னர் தாமஸ் குஷிங் பொறுப்பேற்றார். ஏப்ரல் தேர்தலில் ஹேன்காக் ஆதரவாளர்கள் அவரை நிறுத்தினார்கள். எதிரே ஜேம்ஸ் போடின். வணிகக் குடும்பத்து வாரிசு, மேற்கத்திய அறிவொளி மரபில் வந்த படிப்பாளி, பெஞ்சமின் பிராங்க்ளினோடு மின்சாரம் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டவர், அமெரிக்கக் கலை அறிவியல் கழகத்தின் முதல் தலைவர். 1780 அரசியல் சட்டத்தை எழுதிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் இவரே. முதல் வரைவை ஜான் ஆடம்ஸ் எழுதினார், நாற்காலியில் போடின் இருந்தார். அதே வருஷம் நடந்த முதல் கவர்னர் தேர்தலில் ஹேன்காக்கிடம் படுதோல்வி அடைந்தார். மாநில அரசின் கடன் பத்திரங்களும் இவரிடம் இருந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

பிரச்சாரம் அசிங்கமாகத்தான் நடந்தது. குஷிங், ஹேன்காக்கின் நிழல் என்று ஒரு பக்கம். போடினின் மருமகன் ஜான் டெம்பிள் பிரிட்டிஷ் அரசின் ஆள், மாமனார் மட்டும் எப்படி இருப்பார் என்று இன்னொரு பக்கம். 1774இல் முதல் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும் போடின் போகவில்லை என்று கிளறினார்கள். மூன்றாவதாகப் போர்த் தளபதி பெஞ்சமின் லிங்கன். (பின்னாளில் வந்த ஆபிரகாம் லிங்கனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வாக்குகள் சிதறின. போடின் முதலில் வந்தார். பாதியைத் தாண்டவில்லை.

மே மாதக் கடைசியில் அந்த ‘ஒருவேளை’ அமலுக்கு வந்தது. தேர்வு சட்டமன்றத்துக்குப் போயிற்று. செனட் போடினைக் கவர்னராக்கியது. தான் தலைமை வகித்து நிறைவேற்றிய சட்டத்தின் ஓரத்துப் பிரிவு ஒன்றின் முதல் பயனாளி அவரே. சதி என்று ஒன்றும் நடக்கவில்லை. யாரும் யாரையும் விலைக்கு வாங்கியதாகத் தகவல் இல்லை. எல்லாம் சட்டப்படி. முதல் கட்டத்தில் 60 பவுண்டு உள்ள தலைகள் எண்ணப்பட்டன. இரண்டாம் கட்டத்தில் ஆள் அனுப்ப வசதியுள்ள ஊர்கள் எண்ணப்பட்டன. மூன்றாம் கட்டத்தில் வரிப்பணம் எண்ணப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் ‘மக்கள்’ என்ற சொல் அப்படியே இருந்தது. அதன் பொருள் மட்டும் மாறிக்கொண்டே போனது.

*

அதிக வாக்கு வாங்கியவர்தானே கவர்னர் ஆனார், இதில் என்ன அநியாயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1786 ஏப்ரலில் போடின் மறுபடி நின்றார், இந்தத் தடவை பெரும்பான்மையே வாங்கினார். ஆகவே செனட் ஒரு கொடுங்கோலனை மக்கள் தலையில் கட்டியது என்று எழுதினால் அது பொய். என் கேள்வி வேறு. மூன்று பேருக்கும் பாதி கிடைக்காத ஒரு நிலை என்பது மக்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதன் அடையாளம். அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள்? மறுபடி மக்களிடம் போயிருக்கலாம். சட்டம் அதற்கு வழி வைக்கவில்லை. இடைவெளி வந்தால் அதைச் சொத்து நிரப்பும் என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள். அப்படி வந்தவருக்குத் தான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

போடின் பாக்கி வரியை வசூலிப்பதில் இறங்கினார். போரின்போது சிப்பாய்களுக்கும் விவசாயிகளுக்கும் அரசு பணத்துக்குப் பதிலாகப் பத்திரங்கள் கொடுத்திருந்தது. வீடு திரும்பிய சிப்பாய் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் அதை முகமதிப்பில் ஒரு சிறு பங்குக்கு விற்றான். வாங்கியவர்கள் பெரும்பாலும் கடற்கரைப் பட்டணத்து வணிகர்கள். இப்போது அந்தப் பத்திரங்களுக்கு வட்டி கட்டுவதற்காக வரி போட்டார்கள். தங்கமாகவோ வெள்ளியாகவோ கட்டச் சொன்னார்கள். விற்ற சிப்பாயே வரி கட்டி வாங்கியவனுக்கு வட்டி கொடுக்க வேண்டும். 1786 மார்ச்சில் சட்டமன்றம் இன்னும் ஒரு பெரிய வரியைச் சேர்த்தது. வரியில் கணிசமான பங்கு தலைவரி. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே தலைதானே! செனட்டுக்கு ஆள் பிரிக்கும்போது தலையைக் கணக்கில் எடுக்காதவர்கள், வரி போடும்போது மட்டும் தலையை எண்ணினார்கள். ஹாட்ஃபீல்ட் பட்டியலில் இதுவும் இருக்கிறது. தலைக்கும் சொத்துக்கும் இடையில், நிலத்துக்கும் வணிகத்துக்கும் இடையில் வரி சமமாக இல்லை என்று எழுதினார்கள்.

லியனார்ட் ரிச்சர்ட்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 2002இல் வெளியிட்ட நூலில், பின்னால் விசுவாசப் பிரமாணம் செய்த சுமார் 4,000 கலகக்காரர்களின் பட்டியல்களை எடுத்துப் பார்த்தார். எந்த ஊரில் கடன் வழக்கு அதிகமோ அந்த ஊரில் கலகமும் அதிகம் என்ற எளிய சமன்பாடு அங்கே உதவவில்லை. குடும்பம், ஊர் உறவு, அரசாங்கம் மீதான கோபம் என்று வேறு காரணங்களைத்தான் அவர் கண்டார். ஹாவர்ட் ஜின் போன்றவர்கள் வர்க்கப் போராட்டமாக இதைச் சரியாகவே வாசித்தார்கள். ஆனால் வர்க்கம் என்றால் உடனே கடன் பாக்கி என்று எழுதிக்கொள்ளும் நம்முடைய சில மார்க்சியப் பழக்கங்களுக்கு இந்தப் பட்டியல் கொஞ்சம் இடைஞ்சல்தான்.

*

ஹாட்ஃபீல்ட் கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 29ஆம் தேதி, நார்த்தாம்ப்டன் கோர்ட்டை சுமார் 1,500 பேர் மறித்தார்கள். நீதிபதிகள் திரும்பிப் போனார்கள். பிறகு வூஸ்டர், கான்கார்ட், டாண்டன், கிரேட் பாரிங்டன். செப்டம்பர் கடைசியில் ஸ்பிரிங்ஃபீல்ட். தொப்பியில் ஒரு பச்சைக் கொத்தைச் செருகிக்கொண்டு வந்தார்கள். அரசுத் தரப்பு வெள்ளைக் காகிதத்தைச் செருகிக்கொண்டது. ஷேய்ஸ், பெல்ஹாம் ஊர் விவசாயி. பங்கர் ஹில், சரடோகா என்று சுதந்திரப் போரில் சண்டை போட்ட கேப்டன். லஃபாயெட் பரிசளித்த வாளை வறுமையில் விற்றவர் என்று அவரைக் கேலி செய்தார்கள்.

அரசு அக்டோபரில் கலகத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. நவம்பரில் ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்தி வைத்தது. அரசரை எதிர்த்துக் கலகம் செய்வதை மன்னிக்கலாம், குடியரசை எதிர்ப்பவன் சாக வேண்டும் என்பது சாமுவேல் ஆடம்ஸின் நிலை. இவர் பாஸ்டன் தெருக்களில் கலகத்தையே ஒரு கலையாக வளர்த்தவர்! குடியரசு வந்த பிறகு கலகத்துக்கு நியாயமே இருக்க முடியாது என்ற தர்க்கம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மக்கள் ஏற்கனவே வாக்களித்துவிட்டார்கள் என்ற இடத்தில். அந்த வாக்கு எத்தனை சல்லடை தாண்டி வந்தது என்பது அந்தத் தர்க்கத்துக்குத் தேவைப்படுவதில்லை.

1787 ஜனவரியில் போடின் 4,400 பேர் கொண்ட படைக்கு ஆணையிட்டார். கஜானாவில் பணம் இல்லை. சட்டமன்றம் அப்போது கூட்டத்தில் இல்லை. அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. பாஸ்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட வணிகர்கள் சேர்ந்து சுமார் 6,000 பவுண்டு கடனாகக் கொடுத்தார்கள். போடின் தானும் பணம் போட்டார். படைக்குத் தளபதி, 1785 தேர்தலில் தோற்ற அதே பெஞ்சமின் லிங்கன். பணக்காரர்களிடம் போய் உங்கள் சொத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று பேசி வசூலித்தவரும் அவரே. சட்டமன்றத்தின் தயவில் கவர்னர் ஆனவர், சட்டமன்றத்தைக் கேட்காமல், பத்திரம் வைத்திருப்பவர்களின் காசில் ஒரு படை திரட்டினார். பிப்ரவரியில் சட்டமன்றம் கூடி எல்லாவற்றுக்கும் பின்தேதியிட்ட மாதிரி ஒப்புதல் கொடுத்தது. கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் திரும்பிற்று.

ஜனவரி 25ஆம் தேதி ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கை நோக்கி ஷேய்ஸின் ஆட்கள் பனியில் நடந்து வந்தார்கள். கிடங்கைக் காத்த வில்லியம் ஷெப்பர்ட் பீரங்கியால் சுட்டார். 4 பேர் செத்தார்கள், சுமார் 20 பேருக்குக் காயம். இன்னொரு பிரிவின் தலைவர் லூக் டே, ஒரு நாள் தள்ளி வருகிறேன் என்று எழுதிய கடிதம் அரசுத் தரப்பின் கையில் சிக்கியிருந்தது. பிப்ரவரி 3 இரவு லிங்கன் பனிப்புயலில் படையை நடத்தி, மறுநாள் காலை பீட்டர்ஷாமில் மிச்சம் இருந்தவர்களைச் சிதறடித்தார்.

இந்தக் கதையின் ஓரத்தில் இரண்டு கறுப்பர்கள் நிற்கிறார்கள். மாசசூசெட்ஸில் 1780களின் தொடக்கத்தில்தான் கோர்ட்டுத் தீர்ப்புகளால் அடிமை முறை ஆட்டம் கண்டிருந்தது. பாஸ்டனின் கறுப்பர் சமூகத்துக்குத் தலைவராக இருந்த பிரின்ஸ் ஹால், 1786 நவம்பரில் போடினுக்குக் கடிதம் எழுதினார். கலகத்தை அடக்க 700 கறுப்பர்களைத் தருகிறேன் என்றார். போடின் மறுத்துவிட்டார். அடுத்த ஜனவரியில் இதே பிரின்ஸ் ஹாலும் இன்னும் பலரும் எங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புங்கள் என்று சட்டமன்றத்துக்கு மனு போட்டார்கள். இன்னொருவர் மோசஸ் சாஷ், வொர்திங்டன் ஊர்க் கூலித் தொழிலாளி, சுதந்திரப் போர்ச் சிப்பாய். இவர் கலகக்காரர் பக்கம். குற்றப்பத்திரிகை இவரைக் கேப்டன் என்றும் ஷேய்ஸின் ஆலோசனைக் குழுவில் இருந்தவர் என்றும் சொல்கிறது. அரசுக்குக் கறுப்பு ஆள் வேண்டாமாம், கலகம் மட்டும் ஒருவரைக் கேப்டன் ஆக்கியது. இதை வைத்துக் கலகக்காரர்களுக்கு நிறவெறியே இல்லை என்று ஒரேயடியாகப் பொதுமைப்படுத்த நான் தயாரில்லை. ஆனால் குடியரசு யாருடையது என்ற கேள்வியை பிரின்ஸ் ஹாலின் அந்த இரண்டு கடிதங்களை விடக் கூர்மையாக யாரும் அன்று கேட்கவில்லை.

*

1787 பிப்ரவரி 16ஆம் தேதி தகுதி நீக்கச் சட்டம் வந்தது. கலகத்தில் ஆயுதம் தூக்கியவர்களுக்கு மூன்று வருஷம் வாக்கு இல்லை, பதவி இல்லை, ஜூரியில் இடமில்லை. பள்ளி வாத்தியாராக முடியாது, சத்திரம் நடத்த முடியாது, சாராயம் விற்க முடியாது. கடைசி மூன்றும் வேடிக்கையாகத் தெரியலாம். அன்று கிராமத்தில் அரசியல் பேச்சு நடந்த இடங்கள் இவைதான். சட்டம் போட்டவர்களுக்கு எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

ஏப்ரலில் தேர்தல். ஹேன்காக்கின் கால் குணமாகிவிட்டது. சம்பளத்தைக் குறைக்கும் மசோதாவை நிராகரித்த போடின் ஒரு பக்கம், தன் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கப் போகிற ஹேன்காக் மறுபக்கம். முந்தைய தேர்தலைப் போல மும்மடங்கு பேர் வாக்களித்தார்கள். கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் போடின் தோற்றார். ‘ஒருவேளை’க்கு இந்தத் தடவை இடமே இல்லை, செனட்டுக்கு வேலையும் இல்லை. சட்டமன்றத்திலும் பழைய முகங்கள் நிறைய கழிந்தன. புது ஆட்சியில் நேரடி வரி குறைந்தது, தண்டனைகளும் தளர்ந்தன. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட பலர் மன்னிக்கப்பட்டார்கள். ஆனாலும் அந்த டிசம்பரில் பெர்க்ஷயரில் ஜான் பிளை, சார்லஸ் ரோஸ் என்ற இரண்டு பேர் தூக்கில் தொங்கினார்கள். ஷேய்ஸுக்கு 1788இல் மன்னிப்பு கிடைத்தது. பெல்ஹாமுக்கு அவர் நிரந்தரமாகத் திரும்பவில்லை. 1825இல் நியூயார்க் மாநிலத்தில் ஏழையாகச் செத்தார்.

தோற்ற கலகம் அடுத்த தேர்தலில் ஜெயித்தது. இந்தப் பாதி கதையில் அடிக்கடி விட்டுப்போகும். காரணம், அதற்குள் காட்சி பிலடெல்பியாவுக்கு மாறிவிடும். 1787 மே மாதம் அங்கே கூடிய மாநாட்டில் மாசசூசெட்ஸ்காரரான எல்பிரிட்ஜ் ஜெர்ரி, ஜனநாயகம் மிஞ்சிப்போனதால்தான் இத்தனை கேடும் என்று பேசினார். ஹாட்ஃபீல்டில் முதல் குறையாக எழுதப்பட்ட விஷயம் இங்கே மருந்தாக மாறியது. தேசத்துக்கே ஒரு செனட். அதன் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கும். 1913 வரை அந்த முறை இருந்தது. குடியரசுத் தலைவருக்குப் பாதிக்கு மேல் தேர்வாளர் வாக்கு விழாவிட்டால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும், அதுவும் மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்று வைத்து. 1825 பிப்ரவரியில் அப்படி ஒரு நிலை வந்தது. ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு அதிக வாக்கு. பதவி ஜான் குவின்ஸி ஆடம்ஸுக்கு. மாசசூசெட்ஸ் சட்ட வரைவை எழுதிய ஜான் ஆடம்ஸின் மகன் அவர்.

மாசசூசெட்ஸிலேயே அந்தப் பிரிவு இன்னும் பல காலம் வேலை செய்தது. 1839இல் மார்கஸ் மார்ட்டன் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர் 1,02,066 வாக்கில் 51,034 வாங்கினார். பாதியை விட ஒன்றே ஒன்று அதிகம். ஒரு வாக்கு குறைந்திருந்தால் எதிர்க்கட்சி கையிலிருந்த சட்டமன்றம் அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். 1851இல் நடந்தது இன்னும் சிக்கலானது. விக் கட்சியின் ஜார்ஜ் பிரிக்ஸுக்குத்தான் அதிக வாக்கு. ஆனால் ஜனநாயகக் கட்சியும் அடிமை எதிர்ப்பு சுதந்திர மண் கட்சியும் சட்டமன்றத்தில் கைகோத்து, இரண்டாவதாக வந்த ஜார்ஜ் பௌட்வெல்லைக் கவர்னராக்கின. பதிலுக்கு அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்த சார்லஸ் சம்னர் அமெரிக்கச் செனட்டுக்குப் போனார், பல சுற்றுக்குப் பிறகு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில். மக்கள் வாக்கைத் தாண்டிப் போகும் இதே ஓட்டை வழியாகத்தான் அந்த நூற்றாண்டின் முக்கியமான ஒரு குரலும் உள்ளே வந்தது. இதை விழுங்குவது எனக்கும் சங்கடம்தான். ஒன்று மட்டும் கவனிக்கலாம். 1851இன் செனட் 1785இன் செனட் அல்ல. செனட் இடங்களை வரிப்படி பிரிப்பதும், சட்டமன்ற உறுப்பினராகச் சொத்து இருக்க வேண்டும் என்பதும் 1840 திருத்தத்தில் ஒழிந்திருந்தன. அதாவது, எண்ணிக்கை பணத்திலிருந்து தலைக்கு மாற 60 வருஷம் பிடித்தது.

1855இல் இன்னொரு திருத்தம் வந்தது. அதிக வாக்கு வாங்கியவர் கவர்னர், பாதி தேவையில்லை என்று ஆயிற்று. கவர்னர் பதவிக்கான சொத்துத் தகுதி 1892 வரை இழுத்தது. ஹாட்ஃபீல்டில் வேண்டாம் என்று எழுதிய அந்தச் சபை மட்டும் போகவில்லை. இன்றும் அதில் 40 பேர்தான்.